மனிதவுருப் பொறி

மனித வடிவில் செய்த றோபோவான ஹியூமனொயிட்டைப் பத்திரிகைகள் ‘இயந்திர மனிதன்’ என்று எழுதுகின்றன. கார்த் தொழிற்சாலையில் தகடுகளை ஒட்டும் ஒற்றை இயந்திரக் கைக்கும் பல வேளைகளில் அதே பெயர்தான். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழில் வழி இருக்கிறது.

முதலில் ‘றோபோ’. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகத்தில் வந்த சொல் இது. ஆக்கிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். வேர் ‘றோபோட்டா’, அதாவது குடியானவர்கள் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்துகொடுக்க வேண்டிய கட்டாய வேலை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ‘ஊழியம்’ என்று வாங்கியதும் இதே வகைதான். ஆக, றோபோவின் வேரில் இருப்பது வேலை மட்டுமே; உலோகமோ மனித வடிவமோ அதில் கிடையாது.

ஹியூமனொயிட்டில் உருவமே பொருள். மனிதரைக் குறிக்கும் இலத்தீன் அடிச்சொல்லோடு, ‘உருவம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த விகுதி சேர்ந்தது. தலை, உடல், இரண்டு கைகள் இருந்தாலே இந்தப் பெயர் பொருந்தும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2020 இல் காட்டிய வியோமித்ரா என்ற றோபோவுக்குக் கால்கள் இல்லை. அதனால் அது ‘அரை மனிதவுரு’. தோலும் முகமும்கூட மனிதரை ஒத்திருந்தால் அது அன்ட்ரொயிட். அதற்கு ‘மனிதப்போலி’ பொருந்தும்.

கால் வைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஊன்றிய பாதங்களைச் சுற்றிக் கயிறு கட்டினால் உள்ளே அடங்கும் பரப்பைத் தாங்குபரப்பு எனலாம். நிலம் கொடுக்கும் எதிர்விசையின் மையம் அதற்குள் இருக்கவேண்டும். விளிம்புக்குப் போனால் பாதம் அந்த விளிம்பிலேயே புரளும். பாதத்தால் நிலத்தைத் தள்ளலாம், பிடித்து இழுக்க முடியாது. ஹொண்டா 2000 இல் வெளியிட்ட அசிமோ முழங்காலை மடித்தபடி நடந்ததற்கும் காரணம் உண்டு. கால் முழுக்க நீண்டுவிட்டால் இடுப்பின் உயரத்தைத் திருத்த முழங்கால் மோட்டருக்கு வழியில்லை, கட்டுப்பாட்டுக் கணக்கும் அந்த இடத்தில் முறியும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகவரகமான டார்ப்பா 2015 இல் நடத்திய போட்டியில் பல றோபோக்கள் விழுந்தன. வென்ற தென்கொரிய ஹூபோ, நடக்கத் தேவையில்லாத இடங்களில் மண்டியிட்டுச் சில்லுகளில் உருண்டது. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் சீனாவின் தியேன்கொங் றோபோ 21 கிலோமீற்றரை ஏறத்தாழ 2 மணி 40 நிமிடத்தில் ஓடி முடித்தது. வழியில் மூன்று முறை பற்றரி மாற்றினார்கள்.

சீனமொழியில் எல்லா றோபோவுக்கும் பெயர் ‘ஜீச்சிரென்’, சொல்லுக்குச் சொல் ‘இயந்திர மனிதன்’. அதனால் மனித வடிவுள்ளதைப் பிரிக்க முன்னால் ‘ரென்சிங்’, மனிதவுரு, என்று சேர்க்கிறார்கள். நமக்கும் அந்த முன்னொட்டுத்தான் தேவை. பின்னால் வரும் சொல்லுக்கு என் தெரிவு ‘பொறி’. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி முதல் இன்றைய பொறியியல் வரை வழக்கில் உள்ள சொல். எலிப்பொறி, ஐம்பொறி என்ற பொருள்களும் உண்டு; முன்னொட்டு வந்ததும் குழப்பம் தீர்ந்துவிடும். ‘தானியங்கி’ சரிவராது, தானாக இயங்கும் எந்தக் கருவியையும் அது குறிக்கும். ‘எந்திரன்’, ‘இயந்திர மனிதன்’ இரண்டும் ‘அன்’ விகுதியால் உயர்திணை ஆண்பாலாகிவிடுகின்றன. பிறகு ‘விழுந்தான்’ என்றே எழுதவேண்டி வரும்.

ஆகவே பாடநூலில் ‘மனிதவுருப் பொறி’, செய்தியில் ‘மனிதவுரு றோபோ’. வினைமுற்று எப்போதும் அஃறிணையில்: ‘மனிதவுருப் பொறி படியில் தடுக்கி விழுந்தது.’