கிளிப் பூட்டியிருக்கா அன்ரி?

காலாவதியான ஷீத் ஒன்று கிடைத்தால் நான் எறிவதில்லை. எங்கள் கத்லாபுக்கு (இதயக் குழாய்ச் சிகிச்சை அறைக்கு) புதிதாக வரும் தாதிப் பிள்ளைகளுக்கு அதை உடைத்துக் காட்டுவேன். ஷீத் என்பது ஆஞ்சியோகிராம் செய்யும்போது மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ இரத்தக் குழாய்க்குள் வைக்கிற சின்ன வாசல் குழாய். வயரும் கதீற்றர் என்ற மெல்லிய குழாயும் அதற்குள்ளால்தான் போய் வரும். அதன் தலைப்பக்கப் பிளாஸ்ரிக்கைக் குறட்டால் நெரித்தால் சட்டைப் பொத்தான் அளவில் மெல்லிய வட்டு ஒன்று விழும். இரத்தம் வெளியே ஒழுகாமல் மறிக்கும் வால்வு அதுதான். அதை வெளிச்சத்துக்குப் பிடித்து ஓட்டையைக் காட்டச் சொல்வேன். ஒருவருக்கும் தெரியாது.

“இப்ப வளைச்சுப் பாருங்கோ” என்பேன். வளைத்தால் மேல்முகத்தில் ஒரு கீறல் வாய் திறக்கும். வட்டின் பாதி ஆழம்வரைக்கும்தான் அது. திருப்பி வளைத்தால் அடிமுகத்தில் இன்னொரு கீறல், முதலாவதற்குக் குறுக்காக. இரண்டும் நடுவில் ஒரே புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. வயர் அந்தப் புள்ளியால் நுழையும்போது மேல் உதடுகள் அதை ஒரு பக்கமாகவும் கீழ் உதடுகள் மறுபக்கமாகவும் கவ்விப் பிடிக்கும். வயரை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். பந்துக்குக் காற்றடித்து ஊசியை இழுத்தவுடன் வாய் மூடுகிறதே, அதே கதைதான். எல்லாக் கம்பனிகளும் இதே வடிவத்தில் செய்வதில்லை. சிலர் இரண்டு வட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், சிலர் ஒரே வட்டில் மூன்று கீறல் போடுவார்கள்.

எல்லாரும் இதை றப்பர் என்றுதான் சொல்வோம். உண்மையில் சிலிக்கோன். பிரேசிலுக்கு வெளியே இறப்பர் மரத்தை முதலில் நட்ட இடங்களில் ஒன்று நம் இலங்கையில் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டம், 1876இல். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு பொத்தான் அளவு வட்டுக்கு வெளிநாட்டுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று பகிடியாகச் சொல்வதுண்டு. மரத்துப் பால் இறப்பர் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதும் சிலிக்கோனுக்கு மாறியதற்கு ஒரு காரணம்.

இந்த வட்டின் சங்கடம் என்னவென்றால், அதற்கு அளவு தெரியாது. 6 பிரெஞ்ச் ஷீத் என்றால் உள்விட்டம் 2 மி.மீ. (ஒரு பிரெஞ்ச் ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொன்று.) அதே வட்டு 2 மி.மீ. கதீற்றரையும் விட வேண்டும், முடி மாதிரி 0.36 மி.மீ. வயர் மட்டும் உள்ளே இருக்கும்போதும் ஒழுக விடக் கூடாது. இறுக்கமாகச் செய்தால் கதீற்றர் உரசும், வைத்தியரின் விரலுக்கு உள்ளே நடப்பது புரியாமல் போகும். தளர்த்தினால் ஒழுகும். இதயத்தில் புது வால்வு பொருத்தப் பயன்படுத்தும் பருத்த ஷீத்துகளில் ஒரு வட்டு போதாமல் பலதை அடுக்குகிறார்கள். உப்புநீர் நிரப்பி ஊதவைக்கும் குட்டிப் பையால் அடைக்கும் வகையும் உண்டு. வை கனெக்ரர் என்று நாங்கள் சொல்லும் துண்டில் திருகுமூடி இருக்கும். அதைத் திருகத் திருக உள்ளே இருக்கும் வளையம் நசிந்து வயரைப் பிடிக்கும். வீட்டுப் பைப்பில் வாசர் நசிவது போலத்தான். பைப்பை இறுக்க மறந்தால் தண்ணீர் சொட்டும், இங்கே இரத்தம் சொட்டும்.

நாடியில் இரத்த அழுத்தம் 120 என்றால் தண்ணீரை ஒன்றரை மீற்றருக்கு மேல் தூக்கக்கூடிய அழுத்தம் அது. அதனால் நாடிப் பக்கத்தில் இந்த வட்டு வால்வு பழுதானால் உடனே தெரியும். துணி சிவக்கும், நோயாளி கத்துவார், நாங்கள் ஓடுவோம். இரத்தம் இதயத்துக்குத் திரும்பி வரும் நாளப் பக்கம் அப்படியில்லை. கழுத்து நாளத்தில் வைத்த குழாயோடு ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை ஆழமாக இழுத்தால், உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். குழாயின் வாய் திறந்திருந்தால் இரத்தம் வெளியே வராது, காற்று உள்ளே போகும். 14 கேஜ் என்ற பருத்த ஊசியின் துளை ஒன்றால், 5 செ.மீ. நீர் அளவு அழுத்த வித்தியாசத்தில், ஒரு வினாடிக்குச் சுமார் 100 மி.லீ. காற்று போகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டயலிசிஸ் குழாயின் துளை அதற்குச் சளைத்ததல்ல.

அப்படிக் காற்று உள்ளே போகும் சத்தத்தை நான் ஒருதரம் கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஐசியூவில். கழுத்து ஷீத்தின் பக்கக் குழாயில் இருந்து இரத்தம் எடுத்துவிட்டு, மூன்றுவழி டப்பின் (திருகிக் குழாயைத் திறந்து மூடும் துண்டின்) கைப்பிடியைப் பிழையான பக்கம் திருப்பிவிட்டு சிரிஞ்சைக் கழற்றினேன். நோயாளி தலையணையில் சாய்ந்து இருந்தார். ஒரு மூச்சு இழுத்தார். ‘உஸ்’ என்றது. அவ்வளவுதான். ஒரு துளி இரத்தம் இல்லை. எனக்கு விளங்குவதற்கு முன்னமே மூத்த மிஸ் (தாதி) பாய்ந்து வந்து விரலால் குழாயின் வாயை அடைத்து, மற்றக் கையால் கட்டிலின் தலைப்பக்கத்தைப் பதித்து, அவரை இடப்பக்கம் சரித்துவிட்டா. அவருக்கு இருமல், மூச்சு வாங்கல், முகம் கறுத்துப்போனது. ஒட்சிசன் போட்டுக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டார். இடப்பக்கம் சரித்துத் தலையைத் தாழ்த்தினால், போன காற்று வலது இதயத்தில் மேலே மிதந்து நிற்கும், நுரையீரலுக்குப் போகும் வழியை அடைக்காது. அன்று அந்த வட்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கதவை நான் திறந்து வைத்தேன்.

இனி அன்ரியின் கதைக்கு வருகிறேன். கத்லாபுக்கு வருவதற்கு முன் சில வருடம் டயலிசிஸில் இருந்தேன். ஒருநாள் காலை தெஹிவளையில் இருந்து வரும் ஒரு நோயாளியின் மனைவி த்ரீவீலருக்குள் இருந்து அழைத்தா. பின்னால் காலி வீதி ஹோர்ன் சத்தம்.

“பிள்ளை, இவருக்கு நெஞ்சில வச்ச குழாயின்ர மூடியைக் காணேல்ல. எங்க விழுந்ததெண்டு தெரியேல்ல.”

“கிளிப் பூட்டியிருக்கா அன்ரி?”

“பொறு பாக்கிறன்… சிவப்பு பூட்டியிருக்கு. நீலமும் பூட்டித்தான் இருக்கு.”

“அப்ப பயமில்லை. கிளிப்பைத் தொடாதேங்கோ. விழுந்த மூடியைக் கண்டாலும் திரும்பப் போடாதேங்கோ. சுத்தமான துணியால சுத்திப் பிடிச்சுக்கொண்டு நேரா வாங்கோ.”

வந்தார்கள். நுனியைத் துடைத்துப் புது மூடி போட்டு வேலை முடிந்தது. ஆனால் அன்ரிக்கு மனம் ஆறவில்லை. “மூடி போனால் என்ன, உள்ளுக்கு ஒரு வால்வு இருக்கும்தானே? ரொறன்ரோவில என்ர தங்கச்சிக்கு வச்ச குழாயில கிளிப்பே இல்லையாம்.”

நல்ல கேள்வி. பலர் கேட்காமலே மனதுக்குள் முடிவு செய்துகொள்ளும் விஷயம் இது. தங்கச்சிக்கு வைத்தது புற்றுநோய் மருந்து ஏற்றும் குழாயாம். அவற்றில் சில வகைகளில் நுனி மூடியிருக்கும், பக்கத்தில் ஒரு கீறல் மட்டும் இருக்கும். மருந்தைத் தள்ளினால் கீறல் வெளிப்பக்கமாகத் திறக்கும், இரத்தம் எடுக்க இழுத்தால் உட்பக்கமாகத் திறக்கும், ஒன்றும் செய்யாவிட்டால் மூடியபடி இருக்கும். அமுக்கினால் மட்டும் சோஸ் வருகிற போத்தலின் வாய் மாதிரி. அந்தக் குழாய்க்குக் கிளிப் தேவையில்லை.

அன்ரியின் கணவருக்கு வைத்த பேர்ம்கத் என்ற டயலிசிஸ் குழாய் வேறு சாமான். மெஷின் நிமிடத்துக்கு 300 மி.லீ. அளவில் இரத்தத்தை ஒரு குழாயால் இழுத்து மற்றதால் திருப்பி விடும். நடுவில் கீறல் வட்டு ஒன்றை வைத்தால் அந்த ஓட்டத்துக்கு அது தடை. அதனால் பொதுவாக நெஞ்சில் தொங்கும் அந்த இரட்டைக் குழாய்க்குள் வால்வு எதுவும் கிடையாது. நுனியில் இருந்து இதயம்வரை திறந்த பாதை. அடைப்பாக இருப்பவை இரண்டுதான்: குழாயை வெளியே நசித்துப் பிடிக்கும் கிளிப், நுனியில் போடும் மூடி. இரண்டில் ஒன்று போனால் மற்றது காக்கும், இரண்டும் போனால் காக்க ஒன்றும் இல்லை. இதை அன்ரிக்குச் சொன்னபோது அவ கணவரின் நெஞ்சைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. பயப்படுத்திவிட்டேனோ என்று தோன்றியது. ஆனால் குழாய் வைத்த அன்றே இதை யாரும் அவவுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

வீட்டில் கிளிப் திறந்து மூடியும் விழுந்திருந்தால்: முதலில் குழாயைக் கையால் மடித்து நசித்துப் பிடியுங்கள், பிறகு கிளிப்பைப் பூட்டுங்கள். மூடியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கிளிப் உடைந்துபோனால் மடித்த பிடியை விடாமலே வாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ ஆளை உட்கார வைக்காதீர்கள் (நம்மவர்கள் முதலில் செய்வது அதைத்தான், முதுகைத் தடவித் தண்ணீரும் கொடுப்பார்கள்). இடப்பக்கம் சரித்துத் தலையைத் தாழ்த்திப் படுக்க வையுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கத்தரிக்கோலைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம், பன்டேஜ் வெட்டக்கூட.

வாட்டில் மருந்து ஏற்ற நாளத்தில் வைக்கும் கனூலாவின் நுனியில் திருகிவிடும் ஊசியில்லா மூடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றின் முகத்திலும் சிலிக்கோன் வட்டுத்தான். சிரிஞ்ச் குத்தினால் திறக்கும், எடுத்தால் மூடும். காற்றையும் இரத்தத்தையும் மறிக்கும் அந்தக் கீறல் கிருமியை மறிக்காது. முகத்தில் எது ஒட்டியிருக்கிறதோ அதை சிரிஞ்சே உள்ளே தள்ளிவிடும். 70 வீத அல்கஹோல் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும், அப்புறம் காய விட வேண்டும். நான் பிள்ளைகளுக்குப் பழக்குவது 15 வினாடி. வாய்க்குள் எண்ணச் சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு மருந்து ஏற்ற வருபவர் ஒரு தடவு தடவிவிட்டு சிரிஞ்சைப் பொருத்தினால், “மிஸ், இன்னும் ஒருக்கா துடைச்சு விடுறீங்களா?” என்று கேளுங்கள். சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

ஒருமுறை பாவித்த ஷீத்தைக் கழுவித் திரும்பப் பாவிக்கலாமா என்று 2022இல், சாமான் தட்டுப்பாட்டு மாதங்களில், பலர் கேட்டார்கள். அப்போது தவித்தவர்கள் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நான் உடைத்துக் காட்டும் அந்த வட்டை ஒருதரம் பார்த்தால் விடை தெரியும். பாவித்ததை வளைத்தால் கீறலின் உதட்டுக்குள் இரத்தம் கட்டியாக நிற்கும். எந்தத் தண்ணீரும் பிரஷும் அங்கே போகாது. உதடுகளும் கிழிந்து, நடுப்புள்ளி சற்று விரிந்து போயிருக்கும். உறையில் 2 என்ற இலக்கத்தை வட்டமிட்டுக் குறுக்கே கோடு போட்டிருக்கிறார்களே, அது ‘இரண்டாம் முறை கூடாது’ என்பதற்கான அடையாளம்.

புது வட்டைக்கூட ஒரு கவனக்குறைவு கெடுத்துவிடும். டைலேற்றரை (வழியை அகலமாக்கும் கூர்முனைக் குழாயை) நடுவால் நுழைக்காமல் சரித்துக் குத்தினால் புதுக் கீறல் ஒன்று விழும். கதீற்றரைச் சடாரென்று இழுத்தால், வட்டு மூடுவதற்குள் பின்னாலேயே காற்று நுழையும். மெதுவாக இழு, பக்கக் குழாயால் இரத்தம் இழுத்துக் குமிழி இருக்கிறதா பார், பிறகு உப்புநீர் விடு. பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லும் தொனி வீட்டில் சமையல் சொல்லித்தரும் தொனி என்று என் மகள் சிரிப்பாள்.

அன்ரி அடுத்த முறை வந்தபோது கைப்பைக்குள் இருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்துக் காட்டினா. மேலதிகக் கிளிப் ஒன்று, சீல் உடைக்காத மூடிகள் இரண்டு. எல்லாம் எங்களிடமே கேட்டு வாங்கியவை. த்ரீவீலர்க்காரத் தம்பிக்கும் சிவப்புக் கிளிப், நீலக் கிளிப் எல்லாம் காட்டிக் கொடுத்திருக்கிறாவாம்.