போன் ஒட்டுக்கேட்பு: யார் உத்தரவு போடலாம், எத்தனை நாள், நமக்கு என்ன உரிமை?

ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் நினைத்த மாத்திரத்தில் உங்கள் போனை ஒட்டுக்கேட்க முடியாது. டிஎஸ்பி, எஸ்பி நினைத்தாலும் முடியாது. அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் மத்திய அரசில் உள்துறைச் செயலருக்கும், மாநிலத்தில் அந்த மாநில உள்துறைச் செயலருக்கும்தான் உண்டு. தவிர்க்க முடியாத சூழலில் மட்டும், மத்திய அரசின் இணைச் செயலர் நிலைக்குக் குறையாத, முறையாக அதிகாரம் பெற்ற ஒருவர் போடலாம். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. தொலைதூரப் பகுதி, உடனடி நடவடிக்கை போன்ற நிலைகளில், மாநிலமானால் ஐஜி நிலைக்குக் குறையாத அதிகாரி தானே தொடங்கலாம். ஆனால் 3 வேலை நாட்களுக்குள் செயலருக்குத் தெரிவித்து, 7 வேலை நாட்களுக்குள் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் ஒட்டுக்கேட்பை நிறுத்திவிட வேண்டும். பதிவு செய்ததை எதற்கும் பயன்படுத்தக் கூடாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்டக் கூடாது. 2 வேலை நாட்களுக்குள் அழித்துவிட வேண்டும்.

இதெல்லாம் 2024 டிசம்பரில் வந்த விதிகள். அடிப்படைச் சட்டம் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், பிரிவு 20(2). அதற்கு முன்பு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம்தான் இருந்தது. அதில் அதிகாரம் இருந்ததே தவிர, அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற நடைமுறை நூறு வருடங்களுக்கு மேல் எழுதப்படவே இல்லை. அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரத்தை மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1996 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்புதான் முதன்முதலாகக் கடிவாளம் போட்டது. இன்றைய விதிகளின் எலும்புக்கூடு அதுதான்.

எப்போது ஒட்டுக்கேட்கலாம்? இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். முதலில், பொது அவசரநிலை ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட வேண்டும். இரண்டாவதாக, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். முதல் படி இல்லாமல் இரண்டாவதற்குப் போக முடியாது. அந்த அவசரநிலை அரசின் மனதுக்குள் மட்டும் இருந்தால் போதாது, சாதாரண மனிதர் பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று 1996 தீர்ப்பு சொல்கிறது.

ஓர் உத்தரவு 60 நாட்கள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. உத்தரவின் நகல் 7 வேலை நாட்களுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். மத்தியில் அதன் தலைவர் அமைச்சரவைச் செயலர், மாநிலத்தில் தலைமைச் செயலாளர். உத்தரவு போடுபவரும் அரசு அதிகாரி, அதைச் சரிபார்ப்பவர்களும் அரசு அதிகாரிகள். நீதிபதி எங்குமே இல்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான்.

அந்தக் குழு எப்படிப் பார்க்கும் என்பதையும் கவனியுங்கள். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவுகள் வரை போடுவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முன்பு ஒரு பதில் வந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டும். இது நடக்கிற காரியமில்லை என்று, தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க மத்திய அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியிருக்கிறது.

இருந்தாலும் இந்த விதிகள் வெறும் காகிதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2011 ஆகஸ்டில் ஒரு லஞ்ச வழக்கு தொடர்பாக சென்னையைச் சேர்ந்த ஒருவரின் செல்போனை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை உத்தரவு போட்டது. 2025 ஜூலை 2ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்து செய்தார். பொது அவசரநிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தும் இல்லை, சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க, அப்போது இருந்த தந்திச் சட்டத்தின் ஒட்டுக்கேட்புப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றார். பதிவான உரையாடல்களை மறுஆய்வுக் குழு முன் வைக்காததும் பெரிய தவறு என்றார். அந்த உரையாடல்களைச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாமல் போனது. 2019இல் மும்பை உயர் நீதிமன்றமும் இதே மாதிரி ஒரு வழக்கில் பதிவுகளை அழிக்கவே சொன்னது. ஆனால் சென்னைத் தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்புதான், பெரிய அளவு ஊழலும் பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்துதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. எந்த ஊர் கோர்ட் என்பதைப் பொறுத்து ஒரு குடிமகனின் உரிமை மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்ப்யூட்டர், இணையம் வழியாகப் போகும் தகவலுக்கு வேறு சட்டம்: தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 69. இதில் பொது அவசரநிலை என்ற முதல் படியே கிடையாது. எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும் உத்தரவு போடலாம். குறியாக்கத்தை, அதாவது பிறர் படிக்க முடியாதபடி தகவலுக்குப் போட்ட பூட்டை, திறந்து காட்ட உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. இன்று நம் பேச்சில் பாதி வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. அங்கேதான் வேலி தாழ்வாக இருக்கிறது.

அப்புறம் ஹேக்கிங். ஒட்டுக்கேட்கவும் கண்காணிக்கவும் குறியாக்கத்தைத் திறக்கவும் பிரிவு 69 அனுமதிக்கிறது. போனுக்குள் உளவு மென்பொருளை நுழைக்கலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதை அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு தடுக்கிறது. கெட்ட நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66இன்படி 3 ஆண்டு வரை சிறை. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, 5இல் ஏதோ தீங்கு மென்பொருள் இருப்பதாகச் சொன்னது. அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்பதும் 2022இல் கோர்ட்டில் சொல்லப்பட்டது. ஓர் இணையதளத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்து நல்லெண்ணத்தோடு சொல்லவரும் இளம் ஹேக்கர் மீதுகூட 43ஆம் பிரிவு பாயலாம். அதே பிரிவு அரசுக்கும் பொருந்துமா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

யாருக்கு எப்போது பேசினீர்கள் என்ற அழைப்பு விவரப் பட்டியலுக்கு இந்த விதிகள் பொருந்தாது. போலீஸ் அதை வேறு சட்டத்தின் கீழ், உள்துறைச் செயலர் உத்தரவில்லாமலே வாங்கிவிடலாம்.

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு எப்போதாவது தகவல் சொல்வார்களா? மாட்டார்கள், அப்படி விதியே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறும் வழியையும் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் அடைத்துவிட்டது. அதனால் பெரும்பாலும் வழக்கில் அந்தப் பதிவை உங்களுக்கு எதிராகக் கொண்டுவரும்போதுதான் விஷயமே தெரியும். அந்த நேரத்தில் வக்கீலிடம் சொல்லி, உத்தரவின் நகல், அதில் எழுதிய காரணம், கையெழுத்திட்டவரின் பதவி, மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்பிய தேதி, குழுவின் முடிவு ஆகியவற்றைக் கேளுங்கள். உத்தரவே இல்லாமல் யாராவது, தனியார் துப்பறிவாளரோ போலீஸ்காரரோ, ஒட்டுக்கேட்டிருந்தால் தொலைத்தொடர்புச் சட்டம் பிரிவு 42இன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.