லாரி ஓட்டுநரை எந்த நொடியில் எச்சரிப்பது?

முன்னால் நிற்கும் வண்டிதான் கண்ணுக்குத் தெரிகிறதே, மோதல் எச்சரிக்கைக் கருவி எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். வண்டி தெரிவது வேறு, அதை எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்பது உறைப்பது வேறு.

மணிக்கு 80 கி.மீ. என்றால் விநாடிக்கு 22.2 மீட்டர். ஓட்டுநர் சுதாரித்துப் பெடலை மிதிக்க 1.5 விநாடி ஆனால், அதற்குள் 33.3 மீட்டர் போய்விடும். ஏர் பிரேக்கில் காற்றழுத்தம் சக்கரங்களை எட்ட அரை விநாடி, 11.1 மீட்டர். பிறகு ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் குறைந்தால், நிற்க 49.4 மீட்டர். ஆக, சுமார் 94 மீட்டர் வேண்டும். ஈரச் சாலையில் அந்த 5 என்பது 3 ஆகிவிட்டால் 127 மீட்டர்.

இனி கண்ணுக்கு வருவோம்; விஷயமே இங்கேதான். நெருங்கும் பொருளின் பிம்பம் விழித்திரையில் விரிகிறது. விரியும் வேகம் விநாடிக்குச் சுமார் 0.003 ரேடியனை (கோண அளவில் ஏறத்தாழ 0.17 டிகிரி) தாண்டினால்தான் நெருங்குவது நமக்கு உறைக்கும். அந்த வேகத்தைக் கணக்கிட, பொருளின் அகலத்தை நெருங்கும் வேகத்தால் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 2.5 மீட்டர் அகல லாரி நின்றிருந்தால் 136 மீட்டரிலேயே உறைத்துவிடும். 0.8 மீட்டர் அகல மோட்டார் சைக்கிள் என்றால் 77 மீட்டரில்தான். தேவையோ 94! எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அந்த 17 மீட்டர் பற்றாக்குறையைக் கண்ணால் ஈடுகட்ட முடியாது. கருவியில் உள்ள 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரோ டாப்ளர் விளைவால், அதாவது பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதை வைத்து, நெருங்கும் வேகத்தை நேரடியாகவே அளந்துவிடுகிறது.

எப்படி எச்சரிப்பது? ஒலி, ஒளி, அதிர்வு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும் என்கிறது, கனரக வண்டிகளின் தானியங்கி அவசர பிரேக் பற்றிய ஐ.நா. ஒழுங்குமுறை எண் 131. விளக்கு மட்டும் போதாது. ஓட்டுநர் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கும் நேரத்தில்தான் அது எரியும். இன்ஜின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால், அதற்கு மேலே 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி எடுபடும். அதையும் தாண்டிக் கீச்சிட்டால், வயதான ஓட்டுநரின் காதில் விழாமலே போகலாம். ஏர் சஸ்பென்ஷன் இருக்கையின் இயல்பான ஆட்டத்தில் மெல்லிய அதிர்வு கரைந்துவிடும். தடம் மாறினால் அதிரும் ஸ்டீயரிங்கை மோதலுக்கும் அதிரவிட்டால் ஓட்டுநர் குழம்புவார்.

எல்லாவற்றையும் கெடுப்பது பொய் எச்சரிக்கை. மேம்பாலம், வழிகாட்டிப் பலகை, வளைவுத் தடுப்பு என எதைக் கண்டாலும் கத்தும் கருவியை ஓட்டுநர் அணைத்துவிடுவார். அதில் நியாயமும் இருக்கிறது. ரேடாரின் எட்டத்தைக் கூட்டச் செலவாகும் ஆய்வு நிதியில் ஒரு பங்கையாவது பொய் எச்சரிக்கையைக் குறைக்க ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் படியாக, ஓட்டுநர் ஏற்கெனவே போதிய அழுத்தத்தில் பிரேக் பிடித்திருந்தால் கருவி வாய் திறக்கக் கூடாது.