வோவப்பி: ஓவியமா, எழுத்தா?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மிசௌரி ஆற்றங்கரையில் உள்ள மோபிரிட்ஜ் நகர அரங்கின் சுவர்களில், 1942ஆம் ஆண்டு ஆஸ்கார் ஹவ் என்ற, டகோட்டா என்னும் அமெரிக்கத் தொல்குடியைச் சேர்ந்த ஓவியர் தம் மக்களின் சடங்குகளையும் அவ்வட்டாரத்தின் வரலாற்றையும் பத்துப் பெரிய சித்திரங்களாகத் தீட்டினார். இவ்வகை ஆக்கத்தை ஆங்கிலம் ‘மியூரல்’ என்கிறது. சுவரைக் குறிக்கும் ‘மூரஸ்’ என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர் ஆதலால், ‘சுவரோவியம்’ அதற்குக் குறையற்ற நிகர்ச்சொல். ஆனால் ஹவ்வின் கைக்கு வந்து சேர்ந்த மரபுக்கு அவர் மக்களின் மொழியில் உள்ள பெயர் சுவரைப் பற்றியதன்று. அப்பெயர் ‘வோவப்பி’.

லகோட்டா, டகோட்டா இரண்டும் ஒரே மொழியின் கிளைவழக்குகள். முதலெழுத்து மட்டும் மாறிய அவ்விரு பெயர்களுக்கும் நட்புடையோர் என்பதே பொருள். (இம்மக்களை ஆங்கிலம் அழைக்கும் ‘சூ’ என்பது ஒஜிப்வே மக்கள் இவர்களுக்கு இட்ட பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் சிதைந்து குறுகியது; அதைத் தவிர்ப்பதே முறை.) அம்மொழியில் ‘ஓவா’ என்ற வினை வண்ணம் தீட்டுவதையும், கோடு வரைவதையும், எழுதுவதையும் ஒருசேரக் குறிக்கிறது. அதிலிருந்து பிறந்த ‘வோவப்பி’ தீட்டப்பட்டது, எழுதப்பட்டது என்று பொருள்படும். தோலில் வரைந்த சித்திரமும் வோவப்பி, கடிதமும் வோவப்பி, புத்தகமும் வோவப்பி, கொடியும் வோவப்பி. கிறித்தவ மறைநூல் டகோட்டா மொழிக்கு வந்தபோது அதற்கும் ‘வோவப்பி வக்கான்’, அதாவது புனித எழுத்து, என்றே பெயர் அமைந்தது.

இதைத் தமிழர் புரிந்துகொள்ள நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்கிறோம். கண்ணுக்கு மை எழுதுகிறோம். சங்க மகளிரின் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினார்கள். ஓவியத்தையும் எழுத்தையும் இருவேறு அலமாரிகளில் வைக்கும் பழக்கம் நம்மிடம் பிற்காலத்தில் வந்தது.

இச்சொல் முழுவீச்சோடு வழங்குவது ‘வனியெத்து வோவப்பி’ என்னும் தொடரில். முதற்பனி விழுந்த நாளிலிருந்து அடுத்த முதற்பனி வரை ஓர் ஆண்டு; ‘வனியெத்து’ என்றால் குளிர்காலம், ஆண்டு இரண்டும்தான். அந்த ஆண்டுக்குப் பெயராக நிற்கத்தக்க ஒரு நிகழ்ச்சியை மூத்தோர் கூடித் தேர்ந்தெடுக்க, அதற்குரிய காப்பாளர் அமெரிக்கக் காட்டெருமைத் தோலில் ஒற்றைச் சித்திரமாகப் பதிப்பார். லோன் டாக் என்பவர் காத்த தோலில் 1800 முதல் 1871 வரையிலான ஆண்டுகள் நடுவிலிருந்து சுருளாக வெளியே விரிகின்றன. முதற்சித்திரத்தில் முப்பது கருங்கோடுகள்: குரோ இனத்தாரால் கொல்லப்பட்ட முப்பது டகோட்டாக்கள். அடுத்தது, தலை முதல் உடல் வரை செம்புள்ளி இட்ட ஒரு மனித உருவம்: பெரியம்மை வந்த ஆண்டு. 1833 நவம்பரில் விண்கற்கள் மழையாகப் பொழிந்த இரவு, விழும் விண்மீன்களாக அதில் இருக்கிறது. காப்பாளர் இவற்றைக் காட்டிக் கதை சொல்வார். கேட்பவர் தம் பிறந்த ஆண்டை இந்தச் சித்திரங்களைக் கொண்டே சொல்வார்.

ஆங்கிலத்தின் ‘விண்டர் கவுண்ட்’ என்பதைப் பின்பற்றிக் ‘குளிர்கால எண்ணிக்கை’ என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. மூலத்தொடரில் எண்ணுதல் என்ற பொருளே இல்லை. அப்படிச் சொன்னால் பனிநாள்களைக் கணக்கெடுத்தது போலத் தொனிக்கிறது. ‘ஆண்டெழுத்து’ என்பதே நேரானது, ‘வோவப்பி’க்குத் தனியே ‘எழுத்து’ போதும்.

அப்படியானால் ஹவ்வின் மோபிரிட்ஜ் சித்திரங்களைச் ‘சுவரெழுத்து’ எனலாமா என்று கேட்கலாம். சொல்லமைப்பில் பிழையில்லை, ஆயினும் நம்மூரில் அச்சொல்லைக் கேட்டதும் தேர்தல் சின்னமும் சுண்ணாம்புச் சட்டியும்தான் கண்முன் வருகின்றன. எனவே சுவரில் இருப்பதைச் சுவரோவியம் என்றே சொல்வோம். அதைப் பற்றி எழுதும்போது ‘வரைந்தார்’ என்பதைவிட ‘எழுதினார்’ என்ற வினை அதற்கு நன்றாகப் பொருந்தும்.