தட்டட்டியில் வெயில், வீட்டுக்குள் இருட்டு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தாமிரபரணி கரை கடந்து ஜங்ஷனுக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் வந்துவிட்டது. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் பல தெருக்களில் மின்சாரம் வரவில்லை. அப்படி ஒரு காலையில், கடை ஒன்றின் ஜெனரேட்டரில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். பாளையங்கோட்டையில் அவர் வீட்டு வயரிங் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது.

“தம்பி, மூன்று கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். மொட்டை மாடித் தட்டட்டியில் கால் வைக்க முடியாத வெயில். வீட்டுக்குள் ஒரு பல்பு எரியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா என்று வந்து பார்த்துச் சொல்.”

போய்ப் பார்த்தேன். எதுவும் பழுதாகவில்லை. தெருவில் மின்சாரம் இல்லாததால் பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தர சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொண்டு நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும், அதுதான் விதி என்றேன். சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “கூரை என்னுடையது. காசு என்னுடையது. சூரியனுக்கு அரசாங்கம் பட்டா போட்டிருக்கிறதா? என் வீட்டில் விளக்கு எரியக்கூடாது என்று சொல்ல இவர்கள் யார்?”

இந்தக் கேள்வி அதன்பின் பல வீடுகளில் என் காதில் விழுந்துவிட்டது. பதில் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது. அது 11,000 வோல்ட்டை வாங்கி நம் வீட்டுக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல், கீழ் என்ற பேதம் கிடையாது என்பதுதான் பலருக்குத் தெரியாது. வீட்டுப் பக்கமிருந்து 230 வோல்ட் அதற்குள் ஏறினால், மறுபக்கக் கம்பியில் அது 11,000 ஆகி நிற்கும். கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியர் லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் கை வைக்கிறார். அந்த வாரம் சேற்றில் நின்றும் சாய்ந்த கம்பங்களில் தொற்றியும் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று சாரும் பார்த்திருந்தார். தெரு இணைப்போடு சேர்ந்த சோலார் இன்வெர்ட்டர், தெருவில் மின்சாரம் நின்ற இரண்டு விநாடிக்குள் நின்றுவிட வேண்டும் என்று விதி வைத்தது அவர்களுக்காக.

சார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “சரி. விற்க வந்தவன் இதை ஏன் சொல்லவில்லை?”

அது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். நல்ல திட்டம்தான். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். ஆனால் அதற்குப் பிறகு வருகிறவர்கள் என்னிடம் மானியம் எப்போது கைக்கு வரும் என்று மட்டுமே கேட்கிறார்கள். கரண்ட் போனால் எரியுமா என்று யாரும் கேட்பதில்லை. எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அது தெருக் கம்பியிலிருந்து வீட்டை முதலில் அறுத்துக்கொண்டு, பிறகு வீட்டுக்குள் மட்டும் கொடுக்கும். செலவு கூடும். வேண்டுமா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் பேனலைத் தட்டட்டிக்கு ஏற்றும் முன் அந்த முடிவை எடுத்துவிடுங்கள்.

தென்னை மர நிழலையும் அப்போதே பாருங்கள். பேனல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்றின் மேல் மட்டை நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் சோர்ந்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு மரத்துக்காகச் சண்டை போடுவதைவிடப் பேனலை நகர்த்துவது எளிது.

சாருக்கு இன்னொரு ஆதங்கமும் இருந்தது. இது எங்கள் ஊர் டீக்கடைகளில் தினமும் கேட்பது. “கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டில் இரண்டு உலை ஓடுகிறது. பணகுடிப் பக்கம் போனால் காற்றாடிக் காடு. பாபநாசத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தண்ணீரில் கரண்ட் எடுக்கிறோம். இவ்வளவும் நம் மண்ணில் இருக்க, நமக்கே இருட்டா?” விளைகிற ஊருக்கு முதல் படி அளக்க மின்சாரம் நெல் அல்ல. எங்கே விளைந்தாலும் ஒரே தொகுப்புக்குள் போய், தேவைப்படும் இடத்துக்குப் பாய்கிறது. காற்றாடிகள் ஆடிக் காற்றில் சுற்றுவதைப் போல மார்கழியில் சுற்றுவதில்லை. அதெல்லாம் இருக்கட்டும், அன்றைய இருட்டுக்குக் காரணம் உற்பத்திக் குறைவும் அல்ல. வெள்ளத்தில் மூழ்கிய மின் பெட்டிகளும் விழுந்த கம்பங்களும்தான். வாய்க்கால் உடைந்திருக்கும்போது அணையில் தண்ணீர் இருந்து என்ன?

சோலாரைப் பற்றியாவது மக்கள் கேள்வி கேட்கிறார்கள். அதைவிடப் பயங்கரமான ஒன்றை யாரும் சண்டையாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. சின்ன ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த வயரால் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் அப்படியே தெருவுக்குப் போகும். சோலார் இன்வெர்ட்டருக்கு இருக்கும் அறிவு ஜெனரேட்டருக்குக் கிடையாது, அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த வயரின் ஒரு முனையைச் செருகிய பிறகு மறுமுனையின் மூடாத ஊசிகளில் மின்சாரம் நிற்கும். தொட்டவர் கதி சொல்ல வேண்டியதில்லை. தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரை இணைக்கக் கூடாது. அந்த வெள்ளத்தின்போது அப்படி ஒரு வயர் செய்துதரச் சொல்லி வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். வேறு யாரோ செய்து கொடுத்திருப்பார்கள்.

இனி ஆர்சிடி, மின்சாரம் கசிந்தால் அறுத்துவிடும் கருவி. மெயின் போர்டில் டெஸ்ட் என்று எழுதிய சின்னப் பொத்தானோடு இருக்குமே, அதுதான். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கேட்கிறது. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, அதைக் கழற்றிவிடச் சொல்லித்தான் வருகின்றன. மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் இப்படிச் சொன்னார்கள்: “அண்ணாச்சி, அடிக்கடி ட்ரிப் ஆகிறது. இது இல்லாமல் நாற்பது வருடம் இருந்தோமே, யார் செத்தார்கள்? இந்தப் பெட்டி விற்பவர்களுக்காகப் போட்ட சட்டம் இது.” எனக்கு முன்னால் வந்த ஒருவர் உள்ளேயும் வெளியேயும் போகும் வயர்களை முறுக்கி ஒன்றாக்கிவிட்டுப் போயிருந்தார். பெட்டி சுவரில் அழகாக இருந்தது. வேலை மட்டும் செய்யாது.

பலர் ஃபியூஸும், அதன் இடத்துக்கு வந்த எம்சிபி சுவிட்சும் தங்களைக் காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். அவை காப்பாற்றுவது வயரை. 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அறுக்கும். ஒரு 100 வாட் குண்டு பல்பு இழுப்பதே சுமார் 430 மில்லி ஆம்பியர். அதில் பதினான்கில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே ஆளுக்கு ஆபத்து. எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆர்சிடியோ, ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், குறைந்தது எங்கோ கசிகிறது, அது ஒரு மனிதன் வழியாகவும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அறுத்துவிடுகிறது.

ஆகவே அது அடிக்கடி விழுகிறது என்றால், வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, நீங்களே செய்யலாம். எல்லா எம்சிபியையும் கீழே தள்ளிவிட்டு ஆர்சிடியை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றி வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, குற்றவாளி அந்தப் பக்கம். அதன்பின் வயரைத் தொடுவது என்னைப் போன்றவர்கள் வேலை. மேலப்பாளையம் வீட்டில் குளியலறை கீசரில் தண்ணீரைச் சூடாக்கும் காயில் (coil) வெடித்திருந்தது. எர்த் வயரும் சரியாக இல்லை. அந்தக் குளியலறையில்தான் அவர்கள் பேத்தி தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் குளிக்கிறாள். அதைச் சொன்ன பிறகு யாரும் விவாதிக்கவில்லை. மாதம் ஒரு முறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் ஆர்சிடியை மாற்றுங்கள். புறவாசலில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால் அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

விதியே இல்லாத இடத்தில் விதியோடு சண்டை போடுவதும் உண்டு. தியாகராஜநகரில் ஒரு வீடு. ஏசியை அப்பா 26-இல் வைக்கச் சொல்கிறார், மகன் 18-இல் நிற்கிறான். மகன் என்னைச் சாட்சிக்கு இழுத்தான்: “அரசாங்கம் 24-க்குக் கீழே வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டதாம் அண்ணாச்சி. என் அறைக்குள் எத்தனை டிகிரி என்று தில்லியில் முடிவு செய்வார்களா?” அப்படிச் சட்டம் இல்லை. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் போட்டவுடன் 24-இல் தொடங்க வேண்டும் என்பதுதான் விதி. பிறகு ரிமோட்டில் நீங்கள் எப்படியும் மாற்றிக்கொள்ளலாம். 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர், ஏசிகளை 20-க்கும் 28-க்கும் இடையே மட்டும் வைக்கும்படி செய்யப் போவதாக அறிவித்தார். இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் இந்தச் சண்டை.

இதில் நான் அப்பா கட்சி, ஆனால் காரணம் வேறு. 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பொய். சாதாரண கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான், 18 வைத்தாலும் 24 வைத்தாலும் அதே வேகத்தில்தான் குளிர்விக்கும். வித்தியாசம், எப்போது ஓய்வெடுக்கும் என்பதில். பங்குனி, சித்திரையில் பகலெல்லாம் வெந்த கான்கிரீட் தளம் இரவெல்லாம் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அந்த அறை 18-ஐத் தொடவே தொடாது, கம்ப்ரஸர் விடியும்வரை ஓடும். ஒன்றரை கிலோவாட் இழுக்கும் பழைய ஏசி எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 12 யூனிட். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 25 வைத்து மின்விசிறியையும் சுற்றவிட்டால் போர்வை தேட வேண்டியிருக்காது. தட்டட்டிக்கு வெள்ளை அடித்தால் இன்னும் நல்லது. ரிமோட்டில் கிடைக்காத குளிர் சுண்ணாம்பில் கிடைக்கும்.

அந்த வீட்டில் கோபப்பட வேண்டிய விதி வேறொன்று இருந்தது. அதை அப்பாவும் மகனும் படித்ததே இல்லை. மீட்டர் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையில் 510 யூனிட் என்றிருந்தது. அப்போதைய கணக்குப்படி, தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை பாதி விலை. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துப் போட்டுப் பார்த்தால், 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதன்பின் விலை ஏறியிருக்கிறது. அதிகம் செலவழிப்பவர் அதிகம் கொடுக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இப்படிச் செங்குத்தாக வெட்டிய படி எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கெடுப்பு நான்கு நாள் தள்ளிப்போனாலே ஒரு குடும்பம் தவறி விழுந்துவிடும்.

அந்த வீட்டில் நான்கு பழைய மின்விசிறிகள். ஒவ்வொன்றும் 75 வாட். மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் புதுவகை பிஎல்டிசி விசிறி 28 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 42 யூனிட் மிச்சம். முதலில் பட்டாசலில், அதாவது கூடத்தில், ஓயாமல் சுற்றும் ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். ஏசி சண்டையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன்.

இந்தக் கோடையில் வேறு வேலையாக மறுபடி போனேன். அப்பாவும் மகனும் சண்டை போட்ட நேரமெல்லாம் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்து நாட்காட்டித் தாளில் எழுதுகிறார். கணக்கெடுத்துப் போய் 41 நாள் ஆகியிருந்தது. 338 யூனிட். “இதே போக்கில் போனால் அறுபதாம் நாள் 495 வரும், சரிதானே தம்பி?” என்று கேட்டார். சரிதான் என்றேன். ஏசி ரிமோட் எங்கே என்று மகன் உள்ளே தேடிக்கொண்டிருந்தான். அம்மா எனக்குக் காப்பி கொண்டுவரப் போனார்.