சட்டையர்னா அங்கதம் சரி, ரத்தம் தெறிக்கிற அங்கதம்னா?

கொலை மேல கொலையா வர்ற படத்தைப் பத்தி பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "அது வயலன்ஸ் இல்லங்க, சட்டையர்"னு சொல்லி வாயை அடைச்சிடுவாங்க, அதாவது கிண்டல் பண்ணியே குத்தம் சொல்ற படமாம். அந்தச் சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்தா லத்தீன்ல சதுரா, நிறைஞ்சது, பலதும் கலந்ததுன்னு அர்த்தம். ரொம்ப காலமா அதை கிரேக்கக் கதைல வர்ற ஆட்டுக்கால் காட்டுத்தேவன் சாத்திரோட முடிச்சுப் போட்டு வச்சிருந்தாங்க, 1605ல ஐசக் கசோபான்னு ஒரு அறிஞர்தான் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு காட்டினாரு. பழைய ரோம்லயே ரெண்டு கவிஞருங்க, ஹொரேஸ் சிரிச்சிக்கிட்டே குத்துவாரு, ஜுவெனல் கோவத்துல கிழிச்சு தொங்கவிடுவாரு. நாம பேசுற படமெல்லாம் ஜுவெனல் ரகம்.

தமிழ்ல இதுக்கு அங்கதம். நையாண்டி, நக்கல்னும் சொல்றாங்க, ஆனா அதுல கிண்டல் மட்டும்தான் இருக்கு, குற்றச்சாட்டு இல்ல. பகடின்னா இன்னொரு படைப்பை மாதிரியே செஞ்சு கேலி பண்றது, அது வேற. பிளாக் காமெடிய அவல நகைச்சுவைங்கிறாங்க, அதுல யார் மேலயும் பழி போடணும்னு கட்டாயம் இல்ல. அங்கதத்துல பழி இருந்தே ஆகணும். தொல்காப்பியம் செய்யுளியல் இதை ரெண்டா பிரிக்குது, செம்பொருள் அங்கதம், கரந்த அங்கதம். நேரா திட்டினா "வசையெனப் படுமே", மறைச்சு திட்டினா "பழிகரப்பு". சட்டையர்ங்கிற ஒத்தச் சொல்லை விட இந்தப் பிரிவுதான் சினிமாவுக்கு உதவும்னு எனக்குத் தோணுது, ஏன்னா வன்முறை அங்கதப் படம் முக்காவாசி பழிகரப்புதான், திரையில கொலைகாரன் நிப்பான் ஆனா பழி கேமரா மேல, அதாவது அவனைக் காட்டிப் பெருசாக்குற மீடியா மேல.

1976ல வந்த நெட்வொர்க் படத்துல ஒரு செய்தி வாசிப்பாளர் டிவிலயே தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு சொல்றாரு, ரேட்டிங் எகிறுது, அவரை வச்சே ஷோ நடத்துறாங்க, அப்புறம் ரேட்டிங் விழுந்ததும் சேனல்காரங்களே ஆள் வச்சு லைவ்ல சுட்டுடுறாங்க. 1994ல ஆலிவர் ஸ்டோன் எடுத்த நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ்ல ஊர் ஊரா கொன்னுட்டுப் போற ஜோடிக்கு ரசிகர் கூட்டம், மகளை அப்பன் சீரழிக்கிற வீட்டுக் காட்சிய காமெடி சீரியல் மாதிரி பின்னாடி சிரிப்புச் சத்தம் போட்டு எடுத்திருப்பாரு, பார்க்கவே கூசும். கடைசில அவங்களைப் பேட்டி எடுத்தவனையே சுடப்போறாங்க, கதை சொல்ல ஒருத்தனை எப்பவும் உயிரோட விடுவீங்களேன்னு அவன் கெஞ்சுறான், அதுக்குத்தான் உன் கேமரா இருக்கேன்னு சொல்லி சுட்டுடுறாங்க.

இந்தப் படங்கள்ல கொலைகாரனுக்குக் கிடைக்கிற ஃபேமுக்குத் தமிழ்ல புகழ்னு போட்டா அர்த்தமே மாறிடும். குறள்ல புகழ் ஒரு தனி அதிகாரம், அங்க அது ஈகையோட சேர்ந்து வர்றது, அதுக்கு எதிர்ச்சொல்லா அதே அதிகாரத்துல வர்றது வசை. மீடியா கொடுக்கிறது பிரபலம், அதுக்கு நல்லவன் கெட்டவன் கணக்கு கிடையாது, எத்தனை பேர் பார்த்தாங்கங்கிறதுதான் கணக்கு. வசை வாங்க வேண்டியவன் பிரபலமாகிற அந்த இடத்தைத்தான் இந்தப் படங்க அடிக்குது.

இதுல சிக்கல் என்னன்னா பழிய ரொம்ப மறைச்சிட்டா பார்க்கிறவனுக்கு மேல இருக்கிற ஸ்டைலும் துப்பாக்கியும்தான் தெரியும். ஸ்டோன் படம் பார்த்துட்டு 1995ல ஒரு இளம் ஜோடி துப்பாக்கியத் தூக்கிட்டுப் போய் சுட்டாங்கன்னு, குண்டடி பட்டவங்க தரப்புல அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல டைரக்டர் மேலயும் படக் கம்பெனி டைம் வார்னர் மேலயும் கேஸ் போட்டாங்க, 2001ல தள்ளுபடி ஆச்சு. சட்டப்படி அது சரியான முடிவுதான். ஆனா அந்தப் படத்தோட பிரபலத்துல பாதி அந்த மாதிரி செய்திங்களால வந்ததுன்னு தான் நான் நினைக்கிறேன், அதையும் டிவிதான் ஓட்டுச்சு.