எம் பொண்ணுக்கு அந்த ஊசி எவ்வளவுங்க?

போன மாதம் புறநோயாளிப் பிரிவுக்கு ஓர் அம்மா வந்தார். வயது 46. மாதவிலக்கு நின்று ஒரு வருடமான பிறகு மறுபடி உதிரப்போக்கு. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தே ஆறு மாதத்தைக் கடத்தியிருந்தார். பரிசோதித்தபோது புற்று கர்ப்பப்பை வாயைத் தாண்டிவிட்டிருந்தது. இனி கதிர்வீச்சும் கீமோவும்தான் என்றேன். தன்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "எம் பொண்ணுக்கு இது வராம இருக்க ஊசி இருக்காமே, எவ்வளவுங்க?" என்றார். மகளுக்கு 15 வயது.

விலையைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற கிருமியின் ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஊசி, தனியாரிடம் ஒரு டோஸே பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. உள்நாட்டுத் தயாரிப்பு அதைவிட மலிவுதான். ஆனாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அதுவும் பெரிய தொகை.

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசியை இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த அம்மாவின் மகள் ஒரு வயது மூத்துப் போனாள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடிப் போவது யார் என்பதும் எனக்குக் கவலை.

ஒரு டோஸே போதும் என்று உலகுக்குத் தெரிய நம் பிள்ளைகளும் காரணம். இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று அறிய 2009இல் இந்தியாவில் பல இடங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதில் ஒன்று. அதே சமயம் ஆந்திரத்திலும் குஜராத்திலும் எச்.பி.வி. ஊசி போட நடந்த வேறொரு திட்டத்தில் சில சிறுமிகள் இறந்தார்கள். இறப்புகளுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணை. ஆனால் அதற்குள் 2010இல் எல்லா இடங்களிலும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டுவிட்டது. அம்பிளிக்கையும் இருந்த ஆய்வில் கிட்டத்தட்ட 5,000 பெண்கள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆம் வகைக் கிருமிகள் நிலைத்துத் தங்காமல் தடுப்பதில், அந்த ஒரு டோஸும் மூன்று டோஸுக்கு இணையாக நின்றது. 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸ் போடலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. மூன்று பேருக்கு ஆகும் மருந்தில் முன்பு ஒரு பிள்ளைக்குத்தான் போட்டோம். அப்படியிருக்க, 15 வயதுக்காரியை ஏன் விட வேண்டும்?

சிக்கிம் 2018இல் 9 முதல் 13 வயது வரையுள்ள எல்லாச் சிறுமிகளுக்கும் பள்ளிகள் வழியாக ஊசி போட்டது. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். ஊசி போடும் முன்பே ஆசிரியர்களும் பெற்றோரும் உட்கார்ந்து பேசியிருந்தார்கள். ஆந்திரத்தில் நடந்த அந்தத் திட்டத்திலோ, பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தவறை நாம் மறுபடி செய்யக் கூடாது.

தாய்மார்கள் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள். "வயசுக்கே வராத புள்ளைக்கு எதுக்குங்க?" கிருமி உடலுக்குள் நுழையும் முன் போட்டால்தான் முழுப் பலன், வந்த தொற்றை ஊசி போக்காது. "நாளைக்குக் குழந்தை தங்குமா?" தங்கும், ஊசிக்கும் கருத்தரிப்புக்கும் சம்பந்தமில்லை. போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல் வரலாம். சிலருக்கு மயக்கம் வரும் என்பதால் கால் மணி நேரம் உட்கார வைப்போம். ஊசி போட்டவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் குடிநீரும் சாலையும் கேட்கிறோம். இதையும் கேளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி, 9 முதல் 20 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். படிப்பை நிறுத்தியவர்களின் பெயரும் அதில் இருக்கட்டும். எல்லோருக்கும் இலவசமாகப் போட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்புங்கள்.

அந்த அம்மாவுக்குக் கதிர்வீச்சு தொடங்கிவிட்டது. அவருடைய சுயஉதவிக் குழுப் பெண்கள் போன வாரம் என்னிடம் வந்து, மனுவை எப்படி எழுதுவது என்று கேட்டுப் போயிருக்கிறார்கள்.